50,000 ரூபாய்க்குள் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் ஷாக் உள்ள சைக்கிள்): ஆபீஸ் ஓட்டமும் வேணும், குளக்கரையும் வேணும், பின்னால் பையனும் உட்காரணும்

#1 வடவள்ளி_மிதி

வணக்கமுங்க. தினமும் கோயமுத்தூர் வடவள்ளியிலிருந்து பீளமேடு, ஒரு வழி சுமார் 13 கி.மீ. தார் ரோடுதான், ஆனா குழாய் பதிக்கத் தோண்டிட்டு அரைகுறையா மூடின இடம் நிறைய. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட குளக்கரை, வாய்க்கால் ஓரம், தோட்டத்து மண் பாதை. பொண்ணுக்கு 8 வயசு, 125 செ.மீ. உயரம், தனி சைக்கிள். பையனுக்கு 4 வயசு, 15 கிலோ, என் சைக்கிள்லயே பின்னால உட்காரணும். என் உயரம் 172 செ.மீ., எடை 78. மொத்தம் 50,000 இருக்கு. ஹெல்மெட், லைட், பூட்டு, குழந்தை சீட் எல்லாம் இதுக்குள்ளதான். பொண்ணு சைக்கிளுக்குத் தனிக் கணக்கு.

கடையில போனா 21 கியர், 24 கியர், டபுள் டிஸ்க்னு மட்டும்தான் சொல்றாங்க. உண்மையில எதைப் பார்த்து எடுக்கணும்?

#2 செயின்ரிங்

கியர் எண்ணிக்கையை முதல்ல மறந்துடுங்க. பின்னாடி மாத்த முடியாத சமாச்சாரத்துக்குக் காசு போடுங்க. டயர், பெடல், சீட்டு, ஏன் பிரேக் வரைக்கும் பின்னால மாத்திக்கலாம். மாத்த முடியாதது, மாத்தினா கையைக் கடிக்கிறது நாலு:

1. பின் ஹப் (சக்கரத்தோட நடு உருளை). அதுல இருக்கிற பல்சக்கரக் கொத்து ஃப்ரீவீலா, கேசட்டா? 21 கியர் சைக்கிள் பெரும்பாலும் ஹப்மேல திருகிப் போடுற 7 பல்சக்கர ஃப்ரீவீல். அந்த அமைப்புல வலது பக்கப் பேரிங் ஹப்போட உள்பக்கமே நின்னுடும். அதுக்கு வெளியே ஆக்சில் தாங்கலே இல்லாம நீண்டு நிக்கும். 78 கிலோ ஆளு, 15 கிலோ குழந்தை, 4 கிலோ சீட். இந்தப் பாரத்தோட குழியில இறங்கினா ஆக்சில் வளையும், ஒரு நாள் முறியும். கேசட் ஹப்புல பேரிங் ஏறக்குறைய ஃபிரேம் ஓரம் வரை தள்ளி இருக்கும், பாரம் நேரா அதுமேல இறங்கும். குழந்தை சீட் போடப்போற உங்களுக்கு இதுல சமரசமே கிடையாது.

கடையில கண்டுபிடிக்க வழி: பின்சக்கரத்தைத் தூக்கி பெடலைப் பின்னோக்கிச் சுத்துங்க. பல்சக்கரங்களுக்கு நடுவுல டூல் மாட்டுற காடி தெரியும். அந்தக் காடியும் சேர்ந்து சுத்தினா கேசட். பல்சக்கரம் மட்டும் சுத்தி, காடி அசையாம நின்னா ஃப்ரீவீல்.

2. ஹெட்டியூப், அதாவது ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) நுழையுற ஃபிரேம் குழாய். மேல 1⅛ இஞ்ச், கீழ 1½ இஞ்ச்னு அகலும் டேப்பர் வகையா இருந்தா பின்னால நல்ல ஃபோர்க் எது வந்தாலும் போடலாம். நேர்க் குழாயா இருந்தா கிடைக்கிற ஃபோர்க் பட்டியல் ரொம்பச் சுருங்கிடும்.

3. கேரியர் மாட்டுற ஓட்டை. பின் ஆக்சிலுக்கு மேல ரெண்டு, சீட் குழாய்கிட்ட ரெண்டு. எம்5 போல்ட். இது இல்லாத ஃபிரேமை ஆபீஸ் ஓட்டத்துக்கு வாங்காதீங்க.

4. சைஸ். 172க்குப் பெரும்பாலான கம்பெனியில எம், சிலதுல எல். சீட் குழாய் நீளத்தைப் பார்க்காம ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹெட்டியூப் உச்சி வரைக்கும் கிடைமட்ட தூரம்) பாருங்க. 425லிருந்து 445 மி.மீ. வரை உங்களுக்குச் சரியா வரும். ரெண்டு சைஸுக்கும் நடுவுல விழுந்தா சின்னதை எடுங்க, குழந்தை பின்னால இருக்கும்போது காலைத் தரையில ஊன்றி நிக்கணும்.

50,000ல 10,000 எடுத்துத் தனியா வைங்க. சைக்கிளுக்கு 40,000, அதுக்கு மேல போகாதீங்க.

#3 நேர்வழி

ஒரு மாற்றுக் கருத்து. வாரத்தில் ஐந்து நாள் தார் ரோடு, ஒரு நாள் குளக்கரை. இந்தக் கணக்குக்கு ஹார்ட்டெயில் எதற்கு? 700க்கு 42 அல்லது 45 (மி.மீ. அகல) டயர் போட்ட ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது) போதும். ஷாக் இல்லாத ஃபோர்க் ஒரு கிலோ சொச்சம். மலிவு ஷாக் இரண்டரைக் கிலோ. ஒவ்வொரு நாளும் 26 கி.மீ. அந்த ஒன்றரைக் கிலோவைச் சுமக்க வேண்டுமா? உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் தளம் போட்டவை. அங்கே ஷாக்குக்கு ஒரு வேலையும் இல்லை.

#4 கருவேலமுள்

நேர்வழி சார் சொல்றது தளம் போட்ட கரைக்குச் சரி. வாய்க்கால் ஓரம்னு அவர் எழுதியிருக்காரே. மழை பெய்ஞ்சு டிராக்டர் போன தடம் காய்ஞ்சா ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் நிக்கும். 42 டயர் அந்தத் தடத்துக்குள்ள மாட்டினா குழந்தையோட சாய வேண்டியதுதான். 2.25 இஞ்ச் அகல டயர் ஏறி வெளிய வரும். என் ஓட்டு ஹார்ட்டெயிலுக்கு, ஆனா ஷாக்குக்காக இல்ல, டயர் இடத்துக்காகவும் பலமான சக்கரத்துக்காகவும்.

கோயமுத்தூர்ல சைக்கிளுக்கு எதிரி குழியில்ல, முள்ளு. குளக்கரையில சீமைக்கருவேலம், தோட்டத்துப் பாதையில நெருஞ்சி. நெருஞ்சி எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல பார்த்துத்தான் நிக்கும், டயரை எத்தனை தடிமனா போட்டாலும் குத்தும். வழி மூணு:

ஒண்ணு, டியூப்லெஸ். ரிம் டியூப்லெஸ் தாங்குற ரகமா இருக்கணும், ரிம்முக்குள்ள ஒட்டுற டேப் ரிம்மோட உள் அகலத்தை விட 2லிருந்து 5 மி.மீ. அதிகமா இருக்கணும். 29 இஞ்ச் சக்கரத்துக்கான 2.25 டயருக்கு ஒரு சக்கரத்துக்கு 100லிருந்து 120 மி.லி. சீலண்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்). நம்ம ஊர் வெயில்ல அது ரெண்டு மூணு மாசத்துல காய்ஞ்சிடும். பங்குனி சித்திரையில இன்னும் சீக்கிரம். மறந்துட்டா டயருக்குள்ள ரப்பர் உருண்டைதான் கிடக்கும், ஓட்டை அடைபடாது.

ரெண்டு, டியூபுக்குள்ளயே சீலண்ட். ஸ்கூட்டர் வால்வ் டியூபா இருந்தா உள் ஊசியைக் கழட்டி 60லிருந்து 80 மி.லி. விடலாம். நெருஞ்சி முள்ளு அளவு ஓட்டைக்கு இது தாராளம். ஆபீஸ் போறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். டியூப்லெஸ் டயரை ரிம்ல உட்கார வைக்கக் கம்ப்ரெசர் தேட வேண்டியதில்ல.

மூணு, டயருக்கும் டியூபுக்கும் நடுவுல போடுற பட்டை. அதோட முனையே டியூபைத் தேய்ச்சு ஓட்டை போடும். வேண்டாம்.

முள்ளு ஏறினா ரோட்டோரத்துல டயரைக் கையால தடவிப் பார்க்காதீங்க, விரல்ல ஏறும். பழைய துணியால துடைச்சுப் பாருங்க, முள்ளு இருக்கிற இடத்துல நூல் மாட்டும்.

#5 வடவள்ளி_மிதி

முள்ளு விஷயம் நூத்துக்கு நூறு. காத்து எவ்வளவு அடிக்கணும்? பெட்ரோல் பங்குல 50, 60னு அடிச்சு விடறாங்க.

#6 கருவேலமுள்

உங்க எடைக்கு, 29க்கு 2.2 டயர், டியூபோட: ஆபீஸ் நாள் முன்னால 35, பின்னால 40 பிஎஸ்ஐ. மண் பாதைக்கு முன்னால 28, பின்னால 32. குழந்தை உட்கார்ந்தா பின்னால 38க்குக் குறையாதீங்க. குறைஞ்சா குழி விளிம்புல ரிம் இடிச்சு டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெட்டை ஓட்டை விழும். டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிறது உச்ச வரம்பு, அதுவே அளவுன்னு எடுத்துக்கக் கூடாது.

பங்கு கம்ப்ரெசர் காருக்கானது. சைக்கிள் டயரோட கொள்ளளவுக்கு ரெண்டே செகண்டுல அளவு தாண்டிடும். மீட்டர் வச்ச கால் பம்ப் ஒண்ணு வாங்கி வீட்ல வைங்க. வாங்கும்போது வால்வைப் பாருங்க: ஸ்கூட்டர் வால்வுக்கு ரிம் ஓட்டை 8.5 மி.மீ., ஒல்லி பிரெஸ்டா வால்வுக்கு 6.5. பிரெஸ்டா வந்தா பித்தளை அடாப்டர் ஒண்ணு எப்பவும் பையில இருக்கணும். பஞ்சர் கடையில அது கிடைக்காது.

#7 ஃபோர்க்_ஆயில்

ஷாக் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. இந்த விலையில் வருவது பெரும்பாலும் சன்டூர் எக்ஸ்சிடி அல்லது எக்ஸ்சிஎம், 100 மி.மீ. அசைவு, உள்ளே இரும்புச் சுருள். சுருள் ஒரு குறிப்பிட்ட எடைக்கு ஏற்றபடி கம்பெனியிலிருந்தே வரும். மேலே இருக்கும் பிரீலோடு திருகைத் திருகினால் சுருள் இறுகிவிட்டதாக நினைக்கிறார்கள். ஆரம்ப அழுத்தம் மட்டும்தான் கூடும், சுருளின் விறைப்பு மாறாது. உங்கள் 78 கிலோவுக்கு அது ஓரளவு பொருந்தும். 50 கிலோ மனைவி ஓட்டினால் அதே ஃபோர்க் கல்லாக நிற்கும்.

காற்று ஃபோர்க்கின் லாபம் எடைக் குறைவு என்பார்கள். அது அரைக் கிலோ அளவுதான். உண்மையான லாபம், ஓட்டுபவர் எடைக்குத் தக்கபடி விறைப்பை மாற்றலாம் என்பது. 100 மி.மீ. அசைவில் 20 முதல் 25 மி.மீ. வரை உங்கள் எடையில் அமுங்க வேண்டும். உள்கால் குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டும் நிலையில் ஏறி உட்கார்ந்து, மெதுவாக இறங்கி வளையம் எங்கே நிற்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். விறைப்பை மாற்ற ஷாக் பம்ப் தனியாக வேண்டும். டயர் பம்ப் ஆகாது.

40,000க்குள் நல்ல காற்று ஃபோர்க் வைத்த புது சைக்கிள் தேடினால், கம்பெனி வேறு எங்கோ கை வைத்திருக்கும். ஹப், ரிம், பிரேக் மூன்றில் ஒன்று மட்டமாக இருக்கும். ஆகவே இப்போதைக்குச் சுருள், ஹெட்டியூப் மட்டும் டேப்பராக இருக்கட்டும்.

ஷாக்கை அசையாமல் பூட்டும் லாக் பொத்தானை ஆபீஸ் ரோட்டில் போடலாம். தோண்டிய இடம் வரும்போது திறந்துவிடுங்கள். பூட்டியபடியே குழியில் இறங்கிக் கொண்டிருந்தால் மலிவு ஃபோர்க்கின் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் பாகம்) சீல் விரைவில் போய்விடும். அப்புறம் பொத்தான் இருக்கும், வேலை இருக்காது. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது போடச் சொல்லுங்கள். எக்ஸ்சிடியில் கீழே இருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். இதை யாரும் செய்வதில்லை. உள்கால் கம்பியில் துரு பிடித்தபிறகுதான் கொண்டுவருகிறார்கள், அப்போது செய்ய ஒன்றும் இல்லை.

#8 செயின்ரிங்

ஒத்துக்கறேன். கியர் கணக்கையும் போட்டுடறேன், எண்ணிக்கை ஏன் ஏமாத்துதுன்னு தெரியும்.

29க்கு 2.2 டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2.29 மீட்டர் போகும். முன்னால 32 பல், பின்னால 11லிருந்து 46 பல் வரை 9 பல்சக்கரம் இருக்கிற ஒத்தைச் செயின்ரிங் (முன் பல்சக்கரம்) அமைப்பை எடுத்துக்குங்க. நிமிஷத்துக்கு 80 மிதி மிதிச்சா உச்ச கியர்ல 32 கி.மீ. வேகம். அடி கியர் விகிதம் 32க்கு 46, அதாவது 0.70.

பழைய மூணு செயின்ரிங் அமைப்புல முன்னால 42, 34, 24, பின்னால 11லிருந்து 32. உச்சத்துல அதே 80 மிதிக்கு 42 கி.மீ. அடி கியர் 24க்கு 32, அதாவது 0.75. ஆக 24 கியர் சைக்கிளை விட 9 கியர் சைக்கிள் மேட்டுல சுலபம். நீங்க இழக்கிறது 32க்கு மேல ஓடுற வேகம். பீளமேடு டிராஃபிக்ல அது எங்க கிடைக்கப் போகுது? 24ல பாதி கியர் ஒண்ணுக்கொண்ணு ஏறக்குறைய ஒரே விகிதம்தான்.

முன் டிரெய்லர் (டிரெய்லர்னா செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பாகம்) இல்லாததால இன்னொரு லாபம்: சேறு மாட்ட, கேபிள் இறுக ஒரு இடம் குறையுது. செயின் கழண்டு விழறதும் குறைவு.

மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் 9 கியர், ஷிமானோ டியோர் 10 கியர், புது க்யூஸ் வகை எது வந்தாலும் உங்க வேலைக்குப் போதும். 12 கியர் இந்த விலையில கிடைச்சாலும் ஆபீஸ் ஓட்டத்துக்கு வேண்டாம். செயினும் கேசட்டும் விலை அதிகம், ஹேங்கர் (பின் டிரெய்லரை ஃபிரேமோட பிடிக்கிற துண்டு) ஒரு மி.மீ. வளைஞ்சாலே கியர் தாவும்.

#9 நேர்வழி

கியர் கணக்குச் சரி. ஒன்றை விட்டுவிட்டீர்கள்: காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிப்பது காலையில் இவரைத் தள்ளிவிடும். சாயங்காலம் வடவள்ளி திரும்பும்போது நேரே முகத்தில். 760 மி.மீ. அகல ஹேண்டில்பாரில் கையை விரித்துக்கொண்டு அதில் மிதிப்பது வீண் உழைப்பு. 700 மி.மீ.க்கு இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிடுங்கள். நெரிசலில் ஆட்டோக்களுக்கு நடுவே நுழையவும் அது உதவும்.

#10 ஃபோர்க்_ஆயில்

வெட்டுமுன் கிரிப்பையும் பிரேக் லீவரையும் உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். வெட்டியதை ஒட்ட முடியாது. பின்னால் குழந்தை உட்காரும்போது அகலமான பார்தான் ஆட்டத்தை அடக்கும். 720க்குக் கீழே போகாதீர்கள் என்பேன்.

#11 இரட்டைமிதி

குழந்தை சீட் பத்தி எழுதறேன். எல்லாரும் ஃபோர்க்லயே நிக்கறீங்க.

பின் சீட் ரெண்டு ரகம். ஒண்ணு, கேரியர்மேல மாட்டுறது. இன்னொண்ணு, ஃபிரேமோட சீட் குழாய்ல கவ்வி, ரெண்டு கம்பியில மிதக்கிற மாதிரி நிக்கிறது. ஹாமாக்ஸ், தூலே மாதிரி கம்பெனி சீட்டுல குழந்தை எடை வரம்பு 22 கிலோ. உங்க பையன் 15, ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடும். ஹார்ட்டெயிலுக்குக் கம்பி ரகம்தான் நல்லது, கம்பி வளைஞ்சு குழியோட அதிர்ச்சியை வாங்கிக்கும். கேரியர் ரகத்துல அடி நேரா முதுகெலும்புக்குப் போகும்.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது:

சீட் குழாய் உருண்டையா இருக்கணும், குறுக்களவு 28லிருந்து 40 மி.மீ.க்குள்ள. இப்ப வர்ற சில ஃபிரேம்ல சீட் குழாய் கீழ வளைஞ்சும் தட்டையாவும் இருக்கு, கவ்வி உட்காராது. குழாய்மேல வெளியே ஓடுற கேபிள் கவ்விக்கு நடுவுல மாட்டினா கியர் வேலை செய்யாது.

நீங்க உட்கார்ற சீட்டுக்குக் கீழ சுருள் இருந்தா அதை மூடியே ஆகணும். குழந்தை விரலை விடும்.

சீட்போஸ்ட்டை மட்டும் கவ்வுற கேரியர் ஒண்ணு விக்கிறாங்க, வழக்கமா 10 கிலோதான் தாங்கும். அதுல குழந்தை சீட்டைக் கட்டவே கூடாது.

ஸ்டாண்டை நம்பி குழந்தையை உட்கார வச்சுட்டு கையை விடாதீங்க. மண்ணுல ஸ்டாண்ட் இறங்கி சாயும். குழந்தையைக் கடைசியா ஏத்துங்க, முதல்ல இறக்குங்க.

கேரியரும் வேணும்னா (லேப்டாப் பைக்கு), கம்பி ரக சீட்டும் கேரியரும் ஒண்ணா இருக்க இடம் பத்துமான்னு கடையிலயே வச்சுப் பாருங்க. பல சீட்டுக்குக் கேரியர் 16 செ.மீ. அகலத்துக்குள்ள இருந்தா பிரச்சினை வராது. டிஸ்க் காலிபர் (பிரேக் கட்டையைப் பிடிச்சிருக்கிற பாகம்) பின்சக்கரத்துக்கு இறங்குற மேல் குழாய்மேல உட்கார்ந்திருந்தா கேரியர் கால் இடிக்கும், டிஸ்க்குக்குன்னு வளைச்ச கால் இருக்கிற கேரியர் கேளுங்க. காலிபர் பின்சக்கரத்துக்குப் போற மேல், கீழ்க் குழாய் ரெண்டுக்கும் நடுவுல இருந்தா சாதாரணக் கேரியரே போதும்.

பையை முதுகுல போட்டுக்கிட்டு குழந்தையைப் பின்னால வைக்காதீங்க. மூஞ்சியில இடிக்கும்.

#12 வடவள்ளி_மிதி

இதையெல்லாம் எந்தக் கடையிலயும் சொல்லலைங்க்கா. பொண்ணுக்கு? 24 இஞ்ச் எடுத்தா நாலு வருஷம் ஓடும்னு சொல்றாங்க.

#13 இரட்டைமிதி

125 செ.மீ.க்கு 24 இப்ப பெருசு. வயசையும் உயரத்தையும் விடக் கால் உள்ளளவு முக்கியம்: சுவர்ல முதுகை ஒட்டி நிக்க வச்சு, கால் நடுவுல ஒரு புஸ்தகத்தை மேல வரை தள்ளித் தரையிலிருந்து அளங்க. சீட்டை முழுசா இறக்கினா அந்த அளவுக்குக் கீழ வரணும், ரெண்டு கால் முன்பாதமும் தரையில படணும். 20 இஞ்ச்ல இன்னும் ஒண்ணு ஒண்ணரை வருஷம் தாராளமா ஓட்டுவா.

அவளுக்கு ஷாக் வேண்டாம். 24, 25 கிலோ குழந்தை அந்தச் சுருளை அமுக்கவே முடியாது, பாரம்தான் மிச்சம். ஷாக் வச்ச குழந்தை சைக்கிள் 13 கிலோ வரும், அது அவ எடையில பாதி. ஷாக் இல்லாத அலுமினியம் 9, 10 கிலோவுல கிடைக்கும். அந்தக் காசை 20க்கு 2.0 டயருக்கும், சின்ன விரல் எட்டுற மாதிரி திருகி உள்ள இழுக்கக்கூடிய பிரேக் லீவருக்கும் போடுங்க. முறுக்கு கியரை அவ கையால திருகிப் பார்க்கச் சொல்லுங்க. பல குழந்தைகளுக்குத் திருகப் பலம் பத்தாம ஒரே கியர்லயே ஓட்டுவாங்க. பொத்தான் கியர் நல்லது.

#14 மருதமலை_அடிவாரம்

வடவள்ளிக்காரர் மருதமலைப் பக்கம் மண் பாதை தேடுவார்னு தெரியும், அதனால எழுதறேன். மலையடிவாரத்துல காப்புக்காடு எல்லைக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையறது குத்தம். பாதை தெரியுதுன்னு போகாதீங்க. எல்லைக்கு வெளியே தோட்டத்துப் பாதையிலயும் விடியக்காலையும் பொழுது சாஞ்சப்புறமும் யானை நடமாட்டம் உண்டு. தடாகம், ஆனைகட்டி, சிறுவாணி ரோடு எல்லாத்துக்கும் இதே கதை. குழந்தைகளோடன்னா கிருஷ்ணாம்பதி, சூலூர், வெள்ளலூர் குளத்துப் பக்கம் போங்க. ஏழு மணிக்கு மேல கிளம்பி ஒன்பதரைக்குள்ள வீட்டுக்கு வந்துடுங்க.

#15 21கியர்_ரசிகன்

இத்தனை படிச்சப்புறம் நான் கார் வாங்கிடலாம்னு இருக்கேன்.

#16 வடவள்ளி_மிதி

😀 மூணு கடை ஏறி இறங்கினேன். கடைசியா மூணு நிக்குது. மாடல் பேரு எழுதினா சண்டை வரும், விவரம் மட்டும்:

அ) 38,000. நேர் ஹெட்டியூப், எக்ஸ்சிடி சுருள், 3க்கு 8 (முன்னால 3, பின்னால 8 பல்சக்கரம்), கேசட் ஹப், ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக், கேரியர் ஓட்டை உண்டு, 29க்கு 2.1.

ஆ) 40,500. டேப்பர் ஹெட்டியூப், எக்ஸ்சிஎம் சுருள், 1க்கு 9, 11லிருந்து 46, கேசட் ஹப், கேபிள் டிஸ்க் பிரேக், கேரியர் ஓட்டை உண்டு, 29க்கு 2.25, டியூப்லெஸ் ரிம்.

இ) 48,500. டேப்பர், காற்று ஃபோர்க், 1க்கு 10, ஹைட்ராலிக், கேரியர் ஓட்டை இல்ல, சீட் குழாய் கீழ வளைஞ்சிருக்கு.

#17 செயின்ரிங்

ஆ. யோசிக்கவே வேண்டாம். இ வாங்கினா சீட்டும் கேரியரும் ரெண்டுமே போச்சு, காசும் மிச்சமில்ல. அ-வோட நல்ல சங்கதி பிரேக் மட்டும்தான், அதை ஆ-வுல பின்னால போட்டுக்கலாம். ஒண்ணை மட்டும் கடையில பாருங்க: பிரேக் லீவரும் கியர் பொத்தானும் ஒரே வார்ப்பா, தனித்தனியா? ஒரே வார்ப்பா இருந்தா ஹைட்ராலிக் போடும்போது ஷிஃப்டரும் வாங்கணும்.

#18 நேர்வழி

நானும் ஆ. ஆனால் முன் பிரேக்கை மட்டுமாவது ஆரம்பத்திலேயே எம்டி200 ஆக்கச் சொல்லுங்கள். குழந்தையோடு மொத்தப் பாரம் 110 கிலோவைத் தாண்டும். கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கக் கட்டைதான் நகரும். உள்பக்கக் கட்டை அசையாது. தேயத் தேய அதை அல்லன் சாவியால் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் அதை மறந்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்.

#19 ஃபோர்க்_ஆயில்

முன் ரோட்டர் (பிரேக் கட்டை பிடிக்கும் வட்டத் தகடு) 160 மி.மீ. வந்தால் 180 ஆக்கலாம், ஃபோர்க் அனுமதிக்கும் உச்ச அளவைப் பார்த்துக்கொண்டு. ரோட்டரில் ரெசின் கட்டைக்கு மட்டும் என்று அச்சடித்திருந்தால் மெட்டல் கட்டை போடாதீர்கள், வழவழவென்று தின்றுவிடும். கட்டையில் உராயும் பகுதி 0.5 மி.மீ. வந்தால் மாற்றுங்கள். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5க்கு வந்தால் தூக்கிப் போடுங்கள். எம்டி200க்கு மினரல் ஆயில் மட்டுமே. டாட் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிப்போகும். பைக் மெக்கானிக்கிடம் விட்டால் நடப்பது இதுதான்.

#20 வடவள்ளி_மிதி

ஆ எடுத்தாச்சு, முன்னால எம்டி200 போட்டே தரச் சொல்லியிருக்கேன். மத்தியானம் டெலிவரி. கடையை விட்டு வர்றதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

#21 செயின்ரிங்

அவசரமா எழுதறேன்.

ஃபோர்க் திருப்பி மாட்டியிருக்கா பாருங்க. சிரிக்காதீங்க, இது நடக்கும். முன் பிரேக் காலிபர் இடது காலின் பின்பக்கம் இருக்கணும்.

முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஹெட்செட்டுல (ஹெட்டியூப் பேரிங்) டக் டக்னு கையில தெரிஞ்சா தளர்வு. சரி செய்யுற வரிசை: ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட இணைக்கிற துண்டு) பக்க போல்ட் ரெண்டையும் தளர்த்தி, மேல் மூடி போல்ட்டை ஆட்டம் நிக்கிற வரை மட்டும் இறுக்கி, ஹேண்டிலை நேராக்கி, பக்க போல்ட்டை 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கணும். பக்க போல்ட்டைத் தளர்த்தாம மேல் மூடியை மட்டும் இறுக்கினா ஒண்ணும் நடக்காது, திருகுதான் கெடும்.

பெடல் ரெண்டையும் கையால நாலு சுத்து கழட்டிப் பாருங்க, கிரீஸ் இருக்கணும். இடது பெடல் எதிர்த் திருகு. அதை வலது மாதிரி திருகி கிராங்க் மரையைக் கெடுத்துடுவாங்க.

பின் ஆக்சில் லீவர் கேரியர் கால்ல மாட்டாம முழுசா மூடுதா? சக்கரத்தைச் சுத்தி விட்டு ரோட்டர் பிரேக் கட்டைகளுக்கு நடுவுல உரசாம ஓடுதான்னு பாருங்க. அடி கியருக்கு மாத்தி, டிரெய்லரைக் கையால லேசா உள்ள தள்ளுங்க. ஸ்போக்ஸ் கம்பியைத் தொட்டா எல்லைத் திருகை (டிரெய்லர் எவ்வளவு தூரம் உள்ள போகலாம்னு தடுக்கிற திருகு) ஒரு அரைச் சுத்து இறுக்கச் சொல்லுங்க. இதைப் பார்க்காம விட்டா முதல் மேட்டுல டிரெய்லர் சக்கரத்துக்குள்ள போகும். டிரெய்லர், ஹேங்கர், நாலு கம்பி எல்லாம் ஒரே நேரத்துல போயிடும்.

பில்லுல ஃபிரேம் நம்பர் எழுதி வாங்குங்க, அது பெடல் பெட்டிக்குக் கீழ அடிச்சிருக்கும். 100 கி.மீ. ஓடினதும் கிராங்க் போல்ட், கம்பி இறுக்கம், கேரியர் போல்ட் மறுபடியும் பார்க்கணும். கேரியர் போல்ட்டுக்குத் திருகு கழலாம பிடிக்கிற நீலப் பசை ஒரு சொட்டு விடுங்க, இல்லன்னா அதிர்வுல கழண்டு விழும்.

#22 இரட்டைமிதி

சீட் முதல் தடவை மாட்டினதும் குழந்தைக்குப் பதிலா 15 கிலோ அரிசிப் பையைக் கட்டி ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. நிறுத்தும்போது எவ்வளவு சாயுதுன்னு கைக்குப் பழகும்.

#23 வடவள்ளி_மிதி

வந்துடுச்சுங்க. ஃபோர்க் நேராத்தான் இருக்கு 😀. எல்லைத் திருகு மட்டும் அரைச் சுத்து இறுக்க வேண்டி வந்துச்சு. ஒரே பிரச்சினை, முன் பிரேக் பிடிச்சா கீச்சுனு கத்துது, பிடிமானமும் அரைகுறையா இருக்கு. காத்து இருக்குமோ, எடுக்கச் சொல்லவா?

#24 ஃபோர்க்_ஆயில்

லீவர் கல்லாக நிற்கிறதா, பஞ்சாக இறங்குகிறதா? பஞ்சாக இருந்தால்தான் காற்று. கல்லாக நின்று பிடிமானம் இல்லையென்றால் கட்டை இன்னும் ரோட்டரில் படியவில்லை. வண்டி நடமாட்டமில்லாத ரோட்டில் 20, 25 கி.மீ. வேகத்துக்குப் போய், முன் பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இருபது தடவை. குழந்தை சீட்டில் ஆள் இல்லாமல்.

அதற்கும் கத்தினால் கடையில் செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது ரோட்டரில் பட்டிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ரோட்டரைத் துடையுங்கள், கட்டையைக் கழற்றி உப்புத்தாளில் லேசாக உரசி மறுபடி படிய வையுங்கள். கட்டை எண்ணெயில் ஊறிப் பளபளத்தால் அது தேறாது, புதுக்கட்டை கேட்டு வாங்குங்கள்.

#25 வடவள்ளி_மிதி

கல்லாத்தான் நிக்குது. நாளைக்குக் காலையில இருபது தடவை பிடிச்சுப் பார்த்துட்டு எழுதறேன்.